வீடு மாறும்போது பிராட்பேண்ட்: புதிய 24 மாதத்துக்குச் சம்மதிக்கும் முன்

கேள்வி: கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாமில் வாடகை ஃபிளாட்டில் இருக்கிறோம். இன்னும் ஆறு வாரத்தில் ஹாரோவில் நாங்கள் வாங்கும் வீட்டுக்குப் போகிறோம். ஃபுல் ஃபைபர் பிராட்பேண்டும் லேண்ட்லைனும் சேர்த்து மாதம் 32 பவுண்ட் கட்டுகிறோம். 24 மாத ஒப்பந்தத்தில் இன்னும் 11 மாதம் பாக்கி. கம்பெனிக்குப் போன் செய்தால், “புது வீட்டிலும் தருகிறோம், ஆனால் புதிதாக 24 மாதம், மாதம் 36 பவுண்ட். வேண்டாம் என்றால் 245 பவுண்ட் கட்டிவிட்டு விலகலாம்” என்கிறார்கள். வீடு மாறினால் கட்டணமில்லாமல் விடவேண்டும் என்று சட்டம் இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். வேறொரு கம்பெனி ஹாரோவில் 27 பவுண்டுக்குத் தருகிறது. எங்களோடு இருக்கும் அம்மா, கழுத்தில் அணியும் அவசர அலாரம் வைத்திருக்கிறார். அது லேண்ட்லைனில்தான் ஓடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

நண்பர்கள் சொன்னதை முதலில் ஒதுக்கிவையுங்கள். வீடு மாறுவது மட்டுமே ஒப்பந்தத்தைக் கட்டணமின்றி முறிக்கும் உரிமையை பிரிட்டனில் தருவதில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வேறு சில சூழ்நிலைகளில் அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் இல்லாத விலையேற்றத்தையோ உங்களுக்குப் பாதகமான மாற்றத்தையோ கம்பெனி கொண்டுவந்தால் விலகலாம். உறுதியளித்த குறைந்தபட்ச வேகம் கிடைக்காமல் போனாலும், அதற்கான நடத்தை நெறியில் சேர்ந்துள்ள கம்பெனியாக இருந்தால் விலகலாம். இந்தப் பட்டியலில் வீடு மாற்றம் இல்லை. அது உங்கள் தரப்பு முடிவு என்றே ஒப்பந்தம் பார்க்கிறது.

அதற்காக, கம்பெனி சொன்ன இரண்டு வழிகள்தான் உண்டு என்று நினைக்க வேண்டாம். மூன்றாவது ஒன்று இருக்கிறது, உங்கள் கணக்கில் அதுதான் மலிவானது: இப்போதிருக்கும் ஒப்பந்தத்தை அதே விலையில், அதே பாக்கி 11 மாதத்தோடு புது முகவரிக்குக் கொண்டுபோவது. கேட்காமல் இதை யாரும் சொல்வதில்லை. போனில் பேசுபவர் முன்னால் இருக்கும் திரையில் புதிய ஒப்பந்தத்துக்கான சலுகைதான் முதலில் வரும்.

கணக்கைப் பாருங்கள். கம்பெனி சொல்லும் புது ஒப்பந்தம் 36 பவுண்ட் வீதம் 24 மாதத்துக்கு 864 பவுண்ட். விலகும் கட்டணம் 245ஐக் கட்டிவிட்டு 27 பவுண்ட் கம்பெனிக்குப் போனால் 648ம் 245ம் சேர்ந்து 893. பழைய ஒப்பந்தத்தையே கொண்டுபோனால் 11 மாதத்துக்கு 352, அது முடிந்தபின் மிச்சமுள்ள 13 மாதத்துக்கு 27 பவுண்ட் வீதம் 351, மொத்தம் 703. முதல் வழியைவிட 161 பவுண்ட் குறைவு, இரண்டாவதைவிட 190 குறைவு. பதினோரு மாதம் கழித்து 27 பவுண்ட் சலுகை அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லைதான். ஆனால் அப்போது நீங்கள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் சந்தையில் விலை கேட்கும் நிலையில் இருப்பீர்கள்.

இந்தத் தொகைகளில் இடைக்கால விலையேற்றத்தைச் சேர்க்கவில்லை. 2025 ஜனவரி 17 முதல் போடப்படும் ஒப்பந்தங்களில், விலை ஏறுமானால் எத்தனை பவுண்ட், எத்தனை பென்ஸ், எப்போது என்று முன்னதாகவே எழுதித் தரவேண்டும். பணவீக்க விகிதத்தோடு இத்தனை சதவீதம் என்று எழுதும் பழைய முறைக்குப் புதிய ஒப்பந்தங்களில் இடமில்லை. பெரும்பாலும் ஏப்ரலில்தான் ஏற்றுவார்கள். ஒரு பேச்சுக்கு, ஜூனில் தொடங்கும் 24 மாத ஒப்பந்தத்தில் ஏப்ரல்தோறும் 3 பவுண்ட் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் இரண்டு ஏப்ரல் வரும். பத்து மாதம் 36, பன்னிரண்டு மாதம் 39, கடைசி இரண்டு மாதம் 42. அப்போது 864 என்பது 912 ஆகிவிடும். எந்தக் கம்பெனியின் விலையை ஒப்பிட்டாலும் இப்படி மாதம் மாதமாக எழுதிப் பாருங்கள், விளம்பரத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பெருக்க வேண்டாம்.

இனி உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து, வீடு மாறுவது பற்றிய பிரிவைத் தேடுங்கள். பொதுவாக மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். சில கம்பெனிகள் பாக்கி மாதங்களை அப்படியே புது முகவரிக்கு மாற்றித் தரும். சில, புதிய குறைந்தபட்சக் காலத்தைக் கேட்கும். வேறு சில, புது வீட்டில் அதே தொழில்நுட்பம் இருந்தால் பழைய ஒப்பந்தமே தொடரும், செம்பு வயரிலிருந்து ஃபைபருக்கோ ஃபைபரிலிருந்து செம்புக்கோ மாறினால் மட்டும் புதியது என்று எழுதியிருக்கும். முதல் வகையாகவோ, உங்களுக்குப் பொருந்துகிற மூன்றாம் வகையாகவோ இருந்தால், அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் வகை என்றாலும் கேளுங்கள், இந்த முறை வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் துறையிடம். வேறொரு கம்பெனியின் 27 பவுண்ட் விலை உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள். அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விலையைக் குறைக்கவும், 24 மாதத்தை 12 ஆக்கவும் பெரும்பாலும் அதிகாரம் இருக்கும்.

245 பவுண்ட் என்ற தொகை எப்படி வந்தது என்று கணக்குக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. விலகும் கட்டணம், பாக்கி மாதங்களுக்கு நீங்கள் கட்டவேண்டிய மொத்தத்தைத் தாண்டக் கூடாது; நீங்கள் விலகுவதால் கம்பெனிக்கு மிச்சமாகும் செலவு அதிலிருந்து கழிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஆஃப்காமின் வழிகாட்டுதல். உங்கள் விஷயத்தில் மொத்தம் 352, கேட்பது 245, ஏதோ கழித்திருக்கிறார்கள். டிவி பேக்கேஜ் இருந்தால் அதற்குத் தனி முடிவு தேதியும் தனிக் கட்டணமும் இருக்கலாம், அதையும் சேர்த்துக் கேளுங்கள். புதிதாகச் சேரும் கம்பெனிகளில் சில, பழைய இடத்து விலகும் கட்டணத்தை ஒரு வரம்பு வரை பில்லில் வரவு வைக்கின்றன. 27 பவுண்ட் கம்பெனி அப்படித் தருகிறதா என்று பாருங்கள். தந்தால் மேலே போட்ட கணக்கு அடியோடு மாறும். அதற்குப் பழைய கம்பெனியின் இறுதி பில் ஆதாரமாக வேண்டும்.

உங்களில் யாராவது யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற உதவித்தொகை பெற்றால், சோஷியல் டாரிஃப் எனப்படும் குறைந்த கட்டணத் திட்டம் உண்டா என்று இப்போதைய கம்பெனியிடமே கேளுங்கள். ஒரே கம்பெனிக்குள் அதற்கு மாறும்போது பொதுவாக விலகும் கட்டணம் கேட்பதில்லை.

இதையெல்லாம் பேசுவதற்கு முன்பே முடிக்கவேண்டிய வேலை ஒன்று: ஹாரோ வீட்டுக்கு எந்தெந்த வலையமைப்பு வருகிறது என்று பார்ப்பது. ஆஃப்காமின் இணையதளத்திலேயே தேடும் வசதி இருக்கிறது. போஸ்ட்கோடு மட்டும் போதாது, வீட்டு எண்ணையும் தேர்ந்தெடுங்கள். ஒரே தெருவில் ஒரு பக்கத்துக்கு ஃபைபர் இருக்கும், எதிர்ப்பக்கம் இருக்காது. பிடி, ஸ்கை, வோடஃபோன், பிளஸ்நெட் போன்ற பல கம்பெனிகள் ஓப்பன்ரீச் அமைத்த கம்பியில் விற்பவை. வர்ஜின் மீடியா தன் சொந்தக் கம்பியில் தருகிறது. லண்டனில் கம்யூனிட்டி ஃபைபர், ஹைப்பராப்டிக் போன்றவையும் தங்கள் சொந்த வலையமைப்பில் இயங்குகின்றன. சொந்தக் கம்பி போட்ட கம்பெனிகளில்தான் “உங்கள் புது முகவரிக்கு எங்கள் சேவை இல்லை” என்ற பதில் அதிகம் வரும். அப்படி வந்தால் சில கம்பெனிகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், சில செய்யாது, அதுவும் வீடு மாறும் பிரிவில்தான் இருக்கும். தள்ளுபடிக்குப் புது முகவரியின் வாடகை ஒப்பந்தமோ வழக்கறிஞரின் கடிதமோ கேட்பார்கள்.

ஹாரோவில் ஃபுல் ஃபைபர் இல்லை, தெருமுனைப் பெட்டி வரை மட்டும் ஃபைபர், அங்கிருந்து செம்பு வயர் என்றால், வேகம் அதிகபட்சம் நொடிக்கு 80 மெகாபிட் அளவில் நின்றுவிடும், பெட்டியிலிருந்து தூரம் கூடக்கூடக் குறையும். இப்போது வாங்கும் வேகத்துக்கான விலையை அங்கே கட்டிக்கொண்டிருக்கக் கூடாது. புது முகவரிக்கான குறைந்தபட்ச உறுதி வேகம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வேகத்துக்கான நடத்தை நெறியில் உள்ள கம்பெனி, அந்த அளவுக்குக் கீழே போய் 30 நாளில் சரிசெய்ய முடியாவிட்டால் உங்களை அபராதமின்றி விடவேண்டும்.

சம்மதம் சொல்வதற்கு முன் ஒப்பந்தச் சுருக்கம் என்ற ஆவணத்தைக் கம்பெனி உங்களுக்கு அனுப்பியாக வேண்டும். 2022 ஜூன் முதல் இது கட்டாயம். விலை, காலம், வேகம், விலகும் விதி எல்லாம் அதில் இருக்கும். “வெறும் முகவரி மாற்றம்தான்” என்று போனில் சொல்லிவிட்டு, வந்த சுருக்கத்தில் 24 மாதம் என்று போட்டிருந்தால், போனில் சொன்னதை நிரூபிப்பது கடினம், அதில் இருப்பதைத்தான் கம்பெனி காட்டும். வீட்டு உபயோக ஒப்பந்தத்தில் கட்டுப்பாட்டுக் காலம் 24 மாதத்தைத் தாண்ட முடியாது. போனிலோ இணையத்திலோ சம்மதித்த புது ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் ரத்து செய்யலாம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். இந்த 14 நாள் ஒப்பந்தம் போட்டதற்கு மறுநாளிலிருந்து ஓடுகிறது, இணைப்பு கிடைத்த நாளிலிருந்து அல்ல. ஆறு வாரம் முன்பே பதிவு செய்தால், புது வீட்டில் ரவுட்டரை முதன்முதலாகச் சொருகும்போது அந்த உரிமை முடிந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். 14 நாளுக்குள் ரத்து செய்தாலும் பழைய ஒப்பந்தத்தின் 245 பவுண்ட் விலகும் கட்டணம் மறுபடி உங்கள்மேல் விழலாம், ரத்து செய்வதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்போது பதிவு செய்வது என்பதில் வீடு வாங்குபவர்களுக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் வீட்டு விற்பனைக்குக் கட்டுப்படும் ஒப்பந்தப் பரிமாற்றம் நடக்கும்வரை வீடு கைக்கு வரும் தேதி உறுதியில்லை, வாங்குவோர் விற்போர் சங்கிலியில் ஒருவர் பின்வாங்கினால் எல்லாம் தள்ளிப்போகும். பரிமாற்றம் நடப்பதற்கு முன் ஈஸ்ட் ஹாம் இணைப்பை நிறுத்தச் சொல்ல வேண்டாம். நிறுத்தும் உத்தரவு கணினியில் ஏறிவிட்டால் திரும்பப் பெறுவது சிரமம். பரிமாற்றம் முடிந்த அன்றே பழைய இணைப்பை நிறுத்துவதையும் புது இணைப்பையும் பதிவு செய்யுங்கள். முன்னறிவிப்பு பொதுவாக 30 நாள் என்பதால் சில வாரம் இரட்டைப் பில் வரலாம். 30 பவுண்ட் போகட்டும், அம்மாவின் அலாரம் ஒருநாள்கூட நிற்கக் கூடாது. புது இணைப்பின் தேதியைக் கட்டணமின்றி எத்தனை நாள் முன்புவரை மாற்றலாம் என்றும் கேட்டு வையுங்கள்.

வீடு விற்பவரிடம் எஸ்டேட் ஏஜென்ட் வழியாக இரண்டு கேள்வி கேளுங்கள்: இப்போது எந்தக் கம்பெனி, எந்தத் தேதியில் நிறுத்துகிறார்கள். பழையவர் நிறுத்தாமல் போனால் அந்த முகவரியில் ஓடும் இணைப்பு ஒன்று ஏற்கெனவே இருப்பதாகக் கணினி காட்டும், உங்கள் உத்தரவு மாட்டிக்கொள்ளும். முடிந்தால் வீட்டுக்குள் ஓஎன்டி இருக்கிறதா என்று ஒரு படமும் கேளுங்கள். மெல்லிய ஃபைபர் கேபிள் வந்து சேரும் சின்ன வெள்ளைப் பெட்டி அது. வாசல் பக்கத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ சுவரில் திருகியிருப்பார்கள். அதன் லேபிளில் உள்ள வரிசை எண்ணைக் கம்பெனியிடம் கொடுத்தால், பல சமயம் இன்ஜினியர் வராமலே தூரத்திலிருந்து இணைப்பை உயிர்ப்பித்துவிடுவார்கள்.

ஓஎன்டி இல்லையென்றால் இன்ஜினியர் வரவேண்டும். வெளிச்சுவரில் ஒரு சிறு பெட்டி, சுவரில் துளை, உள்ளே ஓஎன்டி. ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து இரண்டு பிளக் பாயின்ட் பக்கத்தில் வேண்டும். ரவுட்டர் வீட்டின் நடுவில் இருக்க ஆசைப்பட்டால் அன்றே சொல்லுங்கள், கேபிள் போகும் பாதையை அவர் அப்போதுதான் தீர்மானிப்பார். தாமதம் வருவது பெரும்பாலும் வீட்டுக்குள் அல்ல, வெளியேதான். தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் நிலத்தடிக் குழாய் மண்ணடைத்தோ நசுங்கியோ இருந்தால் தோண்டவேண்டும், பொது நடைபாதையைத் தோண்ட முன்னறிவிப்பும் அனுமதியும் வேண்டும், வாரக்கணக்கில் இழுக்கும். வாடகை வீட்டுக்குப் போகும் வாசகர்களானால் துளை போட வீட்டுக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கி இன்ஜினியர் வரும் நாளில் கையில் வைத்திருங்கள். ஃபிளாட் என்றால் கட்டட உரிமையாளரின் சம்மதமும் தேவைப்படலாம்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து கிளம்பும்போது ரவுட்டரையும் அதன் அடாப்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் இருக்கும் ஓஎன்டியைக் கழற்றவே வேண்டாம். அது அந்த முகவரிக்குப் பதிவானது, ஹாரோவில் வேலை செய்யாது, அடுத்து வருபவருக்கும் இணைப்பு இல்லாமல் போகும். கம்பெனியை விட்டு விலகுகிறீர்கள் என்றால் ரவுட்டரைத் திருப்பி அனுப்பவேண்டும். தபால் நிலையத்தில் அனுப்பியதற்கான ரசீதை வாங்கி வையுங்கள். ரவுட்டர் வரவில்லை என்று பில் வந்தால் அதுதான் சாட்சி.

வேறு கம்பெனிக்குப் போவதானால் இன்னொரு குழியும் இருக்கிறது. 2024 செப்டம்பர் 12 முதல் ஒன் டச் ஸ்விட்ச் என்ற முறை வந்திருக்கிறது. புதிய கம்பெனியிடம் சொன்னால் போதும், பழையதை அவர்களே நிறுத்துவார்கள். ஆனால் இது ஒரே முகவரியில் கம்பெனி மாற்றுவதற்குத்தான். ஹாரோவில் சேரும் கம்பெனி ஈஸ்ட் ஹாம் இணைப்பை நிறுத்தாது, நீங்கள்தான் நோட்டீஸ் கொடுக்கவேண்டும். நோட்டீஸ் கொடுக்காமல் டைரக்ட் டெபிட்டை மட்டும் ரத்து செய்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நோட்டீஸ் கொடுத்திருந்தாலும் இறுதி பில் தீரும்வரை டைரக்ட் டெபிட்டை ரத்து செய்ய வேண்டாம். கட்டாத பில் கடன் வசூலுக்குப் போய், உங்கள் கிரெடிட் பதிவில் விழும். வீட்டுக்கடன் கைக்கு வரும் வாரங்களில் அந்தப் பதிவு களங்கமில்லாமல் இருக்கவேண்டும்.

அம்மாவின் அலாரத்துக்கு வருகிறேன், இதில் சமரசம் கூடாது. பழைய அனலாக் லேண்ட்லைன் வலையமைப்பை 2027 ஜனவரிக்குள் மூடுகிறார்கள், 2023 செப்டம்பரிலிருந்தே அந்தப் பழைய வகை இணைப்பைப் புதிதாக விற்பதில்லை. ஹாரோவில் உங்கள் போன் ரவுட்டர் வழியாகத்தான் ஓடும். சுவர் சாக்கெட்டில் சொருகும் பழைய அலாரப் பெட்டி அங்கே சரியாக வேலை செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. பிராட்பேண்ட் கம்பெனியிடம் வீட்டில் டெலிகேர் எனப்படும் இத்தகைய அவசர அலாரம் இருப்பதைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அலாரம் தரும் நிறுவனத்திடமோ கவுன்சிலிடமோ புது முகவரியைக் கொடுத்து, டிஜிட்டல் இணைப்பில் ஓடும் பெட்டியா, சிம் கார்டில் ஓடும் பெட்டியா வேண்டும் என்று கேளுங்கள். சிம் பெட்டி கிடைத்தால் பிராட்பேண்ட் தாமதமானாலும் அலாரம் நிற்காது, நான் அதையே பரிந்துரைப்பேன். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். லேண்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, மின்வெட்டின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்கும் வழியைக் கம்பெனி செய்துதர வேண்டும் என்பது ஆஃப்காமின் எதிர்பார்ப்பு. பேட்டரி பேக்கப் கேளுங்கள். குடிபுகுந்த அன்றே அலாரத்தை அழுத்திச் சோதனை அழைப்பு செய்து, எதிர்முனையில் புது முகவரியைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பழைய தொலைபேசி எண் வேண்டுமென்றால், அதைப் புது இணைப்புக்கு மாற்றும் உத்தரவு போன பின்புதான் பழையதை நிறுத்தவேண்டும். நிறுத்திய இணைப்போடு எண்ணும் போய்விடலாம்.

சொன்ன தேதியில் இணைப்பு வராவிட்டால் நாளொன்றுக்கு இழப்பீடு உண்டு, கம்பெனி ஆஃப்காமின் தானியங்கி இழப்பீட்டுத் திட்டத்தில் இருக்குமானால். 2019 ஏப்ரலில் தொடங்கியபோது தாமதமான தொடக்கத்துக்கு நாளுக்கு 5 பவுண்ட், இன்ஜினியர் வராமல் போனாலோ, வருவதற்கு 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது வருகையை ரத்து செய்தாலோ 25 பவுண்ட் என்று வைத்தார்கள். அது முதல் பணவீக்கத்தோடு ஏறி வருகிறது. நீங்கள் கேட்காமலே பில்லில் வரவாக வரவேண்டும். தேதியை நீங்களாக மாற்றினால் பழைய தேதிக்கு இழப்பீடு கிடையாது, அதனால் “வேறு நாள் போடலாமா” என்று போனில் கேட்டால், மாற்றுவது அவர்கள் தரப்பில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இடைவெளியைச் சமாளிக்க மாதாமாதம் ரத்து செய்யக்கூடிய 4ஜி அல்லது 5ஜி சிம் போதும். அந்த வீட்டுக்குள் எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறது என்பதை வீட்டைப் பார்க்கப் போகும்போதே போனில் பார்த்துவிடுங்கள்.

பாக்கி 11 மாதத்தை மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டு, பில்லில் 24 மாதம் வந்தால் முறையான புகார் என்று குறிப்பிட்டு எழுதுங்கள். சாட் உரையாடலின் பிரதி, ஒப்பந்தச் சுருக்கம், பேசிய தேதி ஆகியவற்றை இணையுங்கள். இதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று கம்பெனி எழுத்தில் சொன்னால் உடனேயே வெளி மத்தியஸ்த அமைப்பிடம் போகலாம், ஆறு வாரமாகியும் (2026 ஏப்ரலுக்கு முன் எட்டு வாரம்) தீராவிட்டால் அந்தக் கடிதம் இல்லாமலே போகலாம். கம்யூனிகேஷன்ஸ் ஆம்பட்ஸ்மேன், சிசாஸ் என்று இரண்டு மத்தியஸ்த அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் கம்பெனி எதில் உறுப்பினர் என்பதை அவர்கள் இணையதளத்தில் புகார் பக்கத்தில் பார்க்கலாம். உங்களுக்குச் செலவில்லை. அவர்கள் தரும் தீர்ப்பை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும்.